தோல் போர்த்திய குட்டி

வாசகர் கடிதம்:

வணக்கம்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் ஸ்கொட்லாந்தில் கால்நடை மருத்துவம் முதலாம் வருடம் படிக்கிறாள். ஈஸ்டர் விடுமுறையில் ஒரு செம்மறிப் பண்ணைக்கு, ஆடுகள் குட்டி ஈனும் காலத்து வேலைக்குப் போயிருக்கிறாள். படிப்பில் அதுவும் ஒரு பகுதியாம்.

புத்தாண்டுக்கு அடுத்த நாள் காலை ஏழரைக்கு வட்ஸ்அப்பில் எடுத்தாள். அங்கே இரவு மூன்று மணி. ஒரே அழுகை. ஓர் ஆட்டுக்கு இரண்டு கால்கள் வெளியே தெரிந்திருக்கின்றன. தானாக வரும் என்று இவள் காத்திருந்திருக்கிறாள். வெகுநேரம் கழித்துப் பண்ணைக்காரரை எழுப்பிக் கூட்டி வந்தபோது, தலை பின்பக்கம் மடங்கிக் கிடந்ததாம். முதல் குட்டி செத்தே வந்தது. இரண்டாவது பிழைத்துக்கொண்டது. அதன் பிறகு அந்த மனிதர் செத்த குட்டியின் தோலை உரித்து, வேறொரு குட்டிக்குச் சட்டை போலப் போட்டுவிட்டாராம். என்ன கொடுமை இது!

"நான் முந்திக் கூப்பிட்டிருந்தா அது இருந்திருக்கும் அப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஆட்டுக்குட்டிதானே பிள்ளை" என்றேன். அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

நீங்கள் ஆடு வளர்த்த வீட்டில் பிறந்தவர் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அவளுக்கு நான் என்ன சொல்ல வேண்டும்? இன்னொன்று. சில மாதத்தில் இறைச்சிக்குப் போகப் போகிற குட்டிக்காக இரவிரவாக விழித்திருந்து அழுகிறார்களே, அந்தக் கண்ணீர் உண்மையா? அன்று பின்னேரம் வாங்கி வந்த மட்டன் ரோல்ஸை என்னால் சாப்பிட முடியவில்லை.

(பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

"ஆட்டுக்குட்டிதானே" என்று மட்டும் இனிச் சொல்லாதீர்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னீர்கள், எனக்குத் தெரிகிறது. ஆனால் நீங்கள் அதைச் சொன்ன நேரத்தில் அவளுடைய கை முழங்கை வரை ஈரமாக இருந்திருக்கும். அந்த ஈரம் காயுமுன்னே "தானே" என்ற சொல்லைக் கேட்டால் யாருக்கும் வலிக்கும்.

அவள் நிற்கிற இடத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். நம் ஊரில் ஆடு ஈனுவதற்கென்று ஒரு பருவம் கிடையாது. கொழும்பில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசமில்லை. அதனால் இங்கே மார்கழியிலும் குட்டி பிறக்கும், ஆனியிலும் பிறக்கும். எடின்பரோவில் யூன் மாதப் பகல் 17 மணித்தியாலத்துக்கு மேல். டிசம்பரில் 7 மணித்தியாலம்தான். அந்த ஊர்ச் செம்மறியின் உடம்பு வெளிச்சத்தைக் கணக்கு வைத்திருக்கிறது. பகல் குறுகத் தொடங்கிய பிறகுதான் அது கிடாயைத் தேடும். சினை 147 நாள். நவம்பரில் கிடாயைப் பட்டிக்குள் விட்டால் ஏப்ரலில், புல் தளிர்க்கும் நேரத்தில், குட்டி.

அதனால் எல்லாம் ஒன்றாக வந்து விழும். ஐந்நூறு ஆடு உள்ள பண்ணையில் உச்சமான நாட்களில் ஒரு நாளைக்கு இருபது ஆடு ஈனலாம். பெரும்பாலும் இரட்டை, சிலது மூன்று. வீட்டில் இரண்டு மூன்று ஆடு வைத்திருந்த எங்களுக்கு ஒரு பிரசவம் என்றால் அது அந்த வாரத்துச் செய்தி. உங்கள் மகளுக்கோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொட்டகையின் மறு மூலையில் இன்னொன்று படுத்து முக்கத் தொடங்கும். நன்றாக நடத்தப்படும் பண்ணையிலும் நூற்றுக்குப் பத்துக் குட்டி இல்லாமல் போவது புதினமில்லை. அதிலும் பெரும்பகுதி பிறந்து இரண்டு நாளுக்குள் போவது.

இப்போது அந்த இரண்டு கால்கள். குட்டி நேராக வந்தால் முன்னங்கால் இரண்டும் நீட்டியபடி வரும், அவற்றின் மேல் மூக்கு படிந்திருக்கும். கால் தெரிந்து மூக்கு தெரியவில்லை என்றால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். அது பின்னங்காலாகவும் இருக்கலாம். விரலால் தடவிப் பார்ப்பார்கள். குளம்புக்கு மேலே உள்ள இரண்டு மூட்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்னங்கால், எதிரெதிராக மடங்கினால் பின்னங்கால். முன்னங்கால்தான், ஆனால் தலை திரும்பிவிட்டது என்றால் இழுக்கக் கூடாது. முக்குவது ஓயும் இடைவெளியில் குட்டியை மெல்ல உள்ளே தள்ளி, இடம் உண்டாக்கி, தலையைத் தேடி முன்னே கொண்டுவர வேண்டும். இதை வாசிக்க ஒரு நிமிடம். கையில் பழக வருடங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு எல்லோரும் முதலில் சொல்லிக் கொடுப்பது, "அவசரப்பட்டுக் கை வைக்காதே" என்பதைத்தான். அது சரியான பாடம். தேவையில்லாமல் கை போட்டால் தாய்க்குக் காயமும் கிருமியும். ஆகவே உங்கள் மகள் சொன்னபடி காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்பதில்தான் தவறிவிட்டது. முந்திக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருக்குமா? பிழைத்திருக்கலாம். "உன்னில் ஒரு பிழையும் இல்லை" என்று நீங்கள் சொன்னால் அவள் நம்பமாட்டாள், ஏனென்றால் அந்தத் தலை எப்படிக் கிடந்தது என்று அவளுக்குத் தெரியும்.

என் கையிலும் ஒரு குட்டி போயிருக்கிறது. எனக்கு அப்போது பதினொரு வயது, தென்மராட்சியில் அம்மம்மா வீட்டில். மார்கழி மழை இரவிரவாகப் பெய்து கொட்டில் ஒழுகியிருந்தது. அம்மம்மா விடியமுன்னமே திருவெம்பாவைக்குக் கோயிலுக்குப் போய்விட்டார். நான் எழும்பிப் போய்ப் பார்த்தால், தலையீற்று ஆடு குட்டி போட்டு நிற்கிறது. குட்டி சேற்றில் நனைந்து, கழுத்தைத் தூக்க முடியாமல் கிடக்கிறது. பசியாக இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அடுப்படியில் ஓடிப்போய்ப் பசும்பாலைச் சூடாக்கி, தம்பிக்குப் பால் பருக்கும் சங்கில் ஊற்றி, வாயைப் பிளந்து விட்டேன். ஒருமுறை இருமியது. மூக்கால் பால் நுரையாக வந்தது. பிறகு அசைவில்லை.

அம்மம்மா வந்து பார்த்தார். சேலைத் தலைப்பால் அந்த நுரையைத் துடைத்தார். "வாய்க்குள்ள சூடு இருந்ததோ?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, ஏசவுமில்லை. தென்னம்பிள்ளைக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் குழி வெட்டித் தாட்டோம். தாய் ஆடு குட்டி கிடந்த இடத்தை மோந்து மோந்து மெல்லிய குரலில் கூப்பிட்டபடி நின்றது. குட்டி ஈன்ற நாட்களில் தாயிடமிருந்து வரும் குரல் அது. வாயைத் திறக்காமல் தொண்டைக்குள் உறுமுவது போல இருக்கும். இப்போதும் எனக்குக் கேட்கும்.

தைப்பொங்கல் கழிந்து சில நாளில் மற்ற ஆடு ஈன்றது. நடுச்சாமத்தில் அம்மம்மா என்னைத் தட்டி எழுப்பினார். நான் போர்வைக்குள் சுருண்டு, வரமாட்டேன் என்றேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் குட்டி, தாய் நக்க நக்க நடுங்கிக்கொண்டு நின்றது. என் சுட்டுவிரலைப் பிடித்து அதன் வாய்க்குள் வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது, நாக்கு விரலைச் சுற்றிப் பிடித்து இழுத்தது. "இதுதான் சூடு. மறக்காத. சில்லெண்டு இருந்தா முதலில உடம்பைக் காயவை. பால் பிறகு."

அம்மம்மா அன்று காட்டியதன் காரணத்தைப் பல வருடம் கழித்துத்தான் வாசித்து அறிந்தேன். பிரித்தானிய மேய்ப்பர்களும் வாய்க்குள் விரல் வைத்துத்தான் பார்க்கிறார்கள். பிறந்த குட்டியின் உடம்பு வெப்பம் 39 முதல் 40 பாகை இருக்க வேண்டும். 37க்குக் கீழே இறங்கிவிட்டால் சப்பவும் விழுங்கவும் வராது. அந்த நிலையில் ஊற்றுகிற பால் நுரையீரலுக்குள் போகும். பிறந்து ஐந்து மணித்தியாலம் தாண்டிய குட்டி என்றால் இன்னும் சிக்கல். அதன் உடம்பில் சேமிப்பே தீர்ந்திருக்கும், குளுக்கோஸ் ஊசி போடாமல் சூடாக்கினால் இழுப்பு வந்து சாகும். சூடான பிறகு கடும்புப் பால், அதாவது ஈன்றவுடன் தாயில் சுரக்கும் முதல் பால், உள்ளே போக வேண்டும். செம்மறிக் குட்டிக்கு நோயெதிர்ப்பு தாயின் வயிற்றில் வைத்துக் கிடைப்பதில்லை, முழுவதும் கடும்பில்தான். நான்கு கிலோ குட்டிக்கு ஒரு தடவைக்கு 200 மில்லிலீற்றர். முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் குடித்தால்தான் நல்ல பலன், ஒரு நாள் போனால் குடல் அதை ஏற்காது. நான் அன்று கொடுத்தது பசும்பால் வேறு.

சரி, தோல் விஷயத்துக்கு வருகிறேன். உங்களைப் போலவே நானும் முதலில் கேள்விப்பட்டபோது முகத்தைச் சுளித்தேன். ஆனால் ஆட்டின் பக்கத்திலிருந்து பாருங்கள். அதற்கு முலை இரண்டுதான். மூன்று குட்டி போட்டதென்றால் ஒன்று மெலிந்து போகும். அந்த மூன்றாவதை, குட்டி இழந்த ஆட்டிடம் விடலாம் என்றால் அது ஏற்காது. ஈன்ற முதல் சில மணித்தியாலத்தில் தன் குட்டியின் வாடையைத் தாய் மனப்பாடம் செய்துவிடும். வேறு வாடை வந்தால் முட்டித் தள்ளும், சில சமயம் முட்டியே கொன்றுவிடும். செத்த குட்டியின் தோலை நான்கு கால் துவாரத்தோடு உரித்து, வாலையும் விட்டு, அநாதைக் குட்டிக்கு மாட்டுவார்கள். வால் முக்கியம், தாய் முதலில் மோந்து பார்ப்பது அங்கேதான். அந்த வாடையில் அது உறுமும், குட்டி மடியில் முட்டும், பால் இறங்கும். இரண்டு மூன்று நாளில் தன் பாலின் வாடையே குட்டியில் ஏறிவிடும். பிறகு தோலைக் கழற்றிவிடலாம்.

நம் ஊரில் கன்று செத்த பசுவுக்கு முன்னால் தோலுக்குள் வைக்கோல் அடைத்து நிறுத்தி வைத்துப் பால் கறந்ததை நீங்களும் சின்ன வயதில் கண்டிருப்பீர்கள். அது எனக்கு எப்போதும் மனதுக்கு ஒவ்வாத காரியம். பசு நக்கிக்கொடுப்பது வைக்கோலை, பால் போவது நமக்கு. அந்தப் பண்ணைக்காரர் செய்தது வேறு. அந்தத் தோலுக்குள் ஓர் உயிர் நின்று பால் குடிக்கிறது. உங்கள் மகள் இழந்த குட்டியால் இன்னொன்றுக்குத் தாய் கிடைத்தது. அதிகாலை மூன்று மணிக்கு, களைத்துப்போன ஒரு மனிதர் கத்தியை எடுத்து அந்த வேலையைச் செய்தார் என்றால், அதைக் கொடுமை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அந்தக் கண்ணீர் உண்மையா என்று கேட்டீர்கள். 2001 பெப்ரவரியில் பிரித்தானியாவில் கால் வாய் நோய் பரவியது. சரியாகக் குட்டி ஈனும் காலம். அந்த வருடம் 60 இலட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள், பெரும்பாலானவை செம்மறிகள். நோய் தொடாத பட்டிகளும் பக்கத்துப் பண்ணையில் நோய் என்பதற்காகக் கொல்லப்பட்டன. பிறந்து ஒரு நாளான குட்டியும் சினை ஆடும் அதில் அடக்கம். நடமாட்டத் தடையால் தூரத்து வயல்களில் அகப்பட்ட ஆடுகள் வீட்டுக்கு வர வழியில்லாமல் சேற்றில் ஈன்றன. பண்ணைக்காரர்களுக்கு நட்டஈடு கிடைத்தது. இலையுதிர் காலத்தில் அந்தக் குட்டிகளில் பல எப்படியும் இறைச்சிக்குத்தான் போயிருக்கும். இருந்தும் அந்த மனிதர்கள் உடைந்து போனார்கள். பலர் வருடக்கணக்காக அதைப் பற்றிப் பேச முடியாமல் இருந்தார்கள். பணம்தான் அவர்களுடைய கவலை என்றால் காசோலை வந்த அன்றே அது தீர்ந்திருக்க வேண்டும்.

இறைச்சிக்குப் போகிற உயிர்தான். அதற்காக அது குளிரில் விறைத்துச் சாகலாமா? மூச்சுமுட்டிச் சாகலாமா? இருக்கிற வரைக்கும் வயிறு நிறைந்து, தாயோடு புல்லில் துள்ளித் திரிய வேண்டும் என்று ஒருவர் மூன்று வாரம் தூக்கத்தை விடுகிறார். நான் அவரை நம்புகிறேன். எங்கள் அம்மம்மாவும் கிடாயை விற்றவர்தான், விற்ற அன்று இரவு சாப்பிடாமல் படுத்தவரும்தான். ரோல்ஸைச் சாப்பிடுவதும் விடுவதும் உங்கள் மனதைப் பொறுத்தது. நான் சாப்பிடுகிறேன், வீணாக்குவதில்லை.

மகளுக்கு என்ன சொல்ல என்று கேட்டீர்கள். ஒன்றும் சொல்லாதீர்கள், கேளுங்கள். அந்த இரவு முழுவதையும் முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். கால் எப்போது தெரிந்தது, மூக்கைத் தேடினாளா, தலையைப் பண்ணைக்காரர் எப்படித் திருப்பினார், அவர் கையை எங்கே வைத்தார். சொல்லிக்கொண்டு வரும்போதே அடுத்த முறை எந்த இடத்தில் ஓடிப்போய்க் கூப்பிட வேண்டும் என்பது அவளுக்கே தெரிந்துவிடும். விடுமுறை முடியமுன் வீட்டுக்கு வந்துவிடு என்று மட்டும் கூப்பிடாதீர்கள். அவள் இன்று இரவும் அந்தக் கொட்டகைக்குப் போகட்டும்.

இன்னொன்றையும் கேளுங்கள். அங்கே தாயும் குட்டியும் தவறிப்போகாமல் இருக்க இரண்டின் விலாவிலும் ஒரே எண்ணைச் சாயத்தால் எழுதிவிடுவார்கள். பிழைத்த அந்த இரண்டாவது குட்டிக்கும், தோல் போர்த்திய குட்டிக்கும் என்ன எண் போட்டிருக்கிறது என்று கேளுங்கள். அவளுக்கு அது தெரிந்திருக்கும். எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.