வரலையாம்

வணக்கம் ஐயா,
என் தங்கச்சி கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தவள். தைப்பொங்கலுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. ராத்திரியில் தூக்கம் வரலையாம். நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருக்காம். வெளியே போகப் பயமாம். பூசாரியிடம் கூட்டிப்போகும்படி அம்மா சொல்கிறார். தோட்டத்து லயத்தில் ‘அங்கொடை கேஸ்’, பைத்தியம் என்று கதை கிளம்பிவிட்டது. அவளுக்குப் படிக்க நல்ல புத்தகம் சொல்வீர்களா?
ஒரு வாசகர், பொகவந்தலாவை

அன்புத் தம்பி,

புத்தகம் கிடக்கட்டும். தூங்காதவளுக்குப் புத்தகம் எதற்கு? லயத்துக் கதையையும் விடுங்கள், அடுத்த வாரம் அவர்களுக்கு வேறு கதை கிடைக்கும்.

என்னைக் குத்தியது அந்த ‘ஆம்’. வரலையாம், இருக்காம், பயமாம். ‘தூக்கம் வரவில்லை’ என்று எழுத உங்கள் பேனா ஏன் கூசியது? அம்மா சொன்னதை மட்டும் ‘சொல்கிறார்’ என்று நேராக எழுதியிருக்கிறீர்களே!

அந்த ‘ஆம்’ எனக்குப் பழக்கம். என் தம்பி செத்த வருடம், அம்மா தேயிலைக் கொழுந்து மலையில் நின்றபடியே அழுவார். கை ஓடாது. கிலோ குறையும், அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். டிஸ்பென்சரிக்குப் போனோம். காய்ச்சல் இல்லை. ‘மனசு சரியில்லையாம்’ என்று மருந்துக்காரர் உள்ளே பார்த்துச் சொல்லிச் சிரித்தார். சீக்கு என்று எழுதிய துண்டு தரவில்லை. துண்டில்லாமல் வீட்டில் நின்றால் வேலைக்கள்ளி என்று பெயர். பக்கத்தில் நின்ற நானும் அம்மாவை நம்பவில்லை. காய்ச்சல் இல்லையென்றால் சீக்கில்லை என்றுதான் நினைத்தேன்.

நம் மலையக ஆட்களுக்கு இது புதிதா? ‘இங்கேதான் பிறந்தேன்’ என்றவனிடம், உன் அப்பன் இங்கே பிறந்தானா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்களா, காகிதம் காட்டு என்றது 1948இன் குடியுரிமைச் சட்டம். வாய்ச்சொல் செல்லாது, துண்டுதான் செல்லும். அன்று நம்மிடம் கேட்டதை இன்று வீட்டுக்குள் தங்கச்சியிடம் கேட்கிறோம். நெஞ்சில் கல் இருப்பதற்கு அவள் எந்தத் துண்டைக் காட்டுவாள்?

பூசாரியிடம் போவதென்றால் போங்கள். திருநீறு கெடுதல் செய்யாது, வேப்பிலையடி வேண்டாம். ஆஸ்பத்திரியை மட்டும் பிறகு என்று தள்ளாதீர்கள். அங்கொடை என்று ஏசுகிறார்களே, அங்கேயிருக்கும் தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926. டொக்டரிடம் அவளே பேசட்டும். நீங்கள் குறுக்கே விழுந்து ‘தூக்கம் வரலையாம் டொக்டர்’ என்று சொல்லாதீர்கள்.

அந்தக் கடையில் என்ன நடந்தது என்று அவளிடம் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கேட்டீர்களா?