வாசகர் கேள்வி பதில்: ஏழு தேவாலயம், ஒரே நாள்

லண்டனில் மகள் வீட்டுக்குப் போகிறேன். கென்ட் பகுதியில் ராம்னி மார்ஷ் என்கிற சதுப்பு நிலத்தில் இருக்கும் பழைய கிராமத்துத் தேவாலயங்களை வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்க மகள் டிக்கெட் எடுத்திருக்கிறாள். ஒரே நாளில் ஏழு. ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரிதானே?
– ஒரு வாசகி

ஏழு அதிகம்தான். நாலாவதைத் தாண்டினால் எந்தத் தூண் எந்த ஊரில் பார்த்தது என்றே குழம்பிவிடும், மதியத்துக்கு மேல் பாதிப் பேர் வண்டியை விட்டு இறங்கவே மாட்டார்கள். புரூக்லேண்ட், ஃபேர்ஃபீல்ட், நியூ ராம்னி, ஐவிசர்ச் நாலும் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மற்ற மூன்றில் கால் வலித்தால் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கலாம், ஒன்றும் தப்பில்லை. ஆனால் ஒன்றைப் பார்த்தால் போதும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே பார்க்க வேண்டியது கோபுரத்தையும் வளைவையும் இல்லை. தண்ணீரும் சேறும் காய்ச்சலும் வரியும் அந்த ஜனங்களை என்ன பாடுபடுத்தின, அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் விஷயம், அது கோயிலுக்குக் கோயில் வேறு கதை. நியூ ராம்னியில் வாசலிலிருந்து படியிறங்கி உள்ளே போவீர்கள். தேவாலயத்தைப் பள்ளத்தில் கட்டவில்லை, சுற்றியுள்ள நிலம்தான் உயர்ந்துவிட்டது. 1287-இல் அடித்த பெரும்புயல் கடலிலிருந்து கூழாங்கல்லையும் மண்ணையும் வாரிக் கொண்டுவந்து கொட்டி, துறைமுகத்தையே தூர்த்துவிட்டது, ரோதர் ஆறும் ராம்னியைக் கைவிட்டு ரை என்ற ஊர்ப் பக்கம் போய்விட்டது. ஒரு காலத்தில் கப்பல் வந்து நின்ற ஊர், இன்றைக்குக் கடல் ரொம்பத் தள்ளி. அந்த வெள்ளம் விட்ட கறை தூண்களில் இன்னும் இருக்கிறது. வழிகாட்டி சொல்ல மறந்தால் நீங்களே கேளுங்கள்.

ஆள் நடமாட்டமே இல்லாத வயல்காட்டில் எதற்கு இத்தனை தேவாலயங்கள்? பக்தி அதிகமோ?
– இன்னொரு வாசகர்

பக்தியைவிட ஜனத்தொகை என்று சொல்லலாம். இடைக்காலத்தில் அங்கே ஊர்கள் நெருக்கமாக இருந்தன, ஒவ்வொரு சேகரமும், அதாவது ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் திருச்சபை வட்டாரமும், தனக்கென்று ஒன்று கட்டியது. 1348-இல் இங்கிலாந்துக்குள் நுழைந்த பெரும் கொள்ளைநோய் கூட்டம் கூட்டமாக ஆட்களை வாரிக்கொண்டு போனது, அப்புறம் சதுப்பு நிலத்துக் கொசு. ஆமாம், இங்கிலாந்தில் மலேரியாதான்! நூற்றாண்டுக் கணக்கில் அந்தப் பக்கம் காய்ச்சலும் சாவும் சகஜம், சேகரத்துக்கு நியமிக்கப்பட்ட குருமாரே பலர் அங்கே குடியிருக்காமல் வெளியூரில் வசித்தார்கள். மனிதர் போக ஆடு வந்தது. ராம்னி என்ற செம்மறி இனமே அந்த ஊர்ப் பெயரில்தான் இருக்கிறது, நியூசிலாந்து வரைக்கும் போய்ப் பெருகிவிட்டது. இடைக்காலத் தேவாலயங்களில் 14 இன்றும் நிற்கின்றன, சில இடங்களில் இடிந்த சுவர் மட்டும் மிச்சம்.

புரூக்லேண்டில் மணிக்கூண்டு தேவாலயத்தின் மேல் இல்லாமல் பக்கத்தில் தரையில் நிற்கிறதாமே, ஏன்?
– மற்றொரு வாசகி

உள்ளூரில் ஒரு கேலிக்கதை உண்டு. உத்தமியான பெண் ஒருத்தி கல்யாணத்துக்கு வந்தாளாம், அந்த அதிசயத்தைப் பார்த்த கோபுரம் திகைத்துக் கீழே குதித்துவிட்டதாம், அப்படி இன்னொருத்தி வந்தால் மேலே ஏறிக்கொள்ளுமாம். ஆண்கள் சொல்லிச் சிரிக்கிற கதை என்பது கேட்டவுடனே தெரிகிறது. நிஜக் காரணம், அந்த ஈர மண் கனமான கோபுரத்தைத் தாங்காது. அதனால் மரத்தில் மூன்று அடுக்காக, தொப்பிமேல் தொப்பி வைத்த மாதிரி தனியாகக் கட்டிவிட்டார்கள்.

ஆனால் மணிக்கூண்டைப் படம் எடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள், உள்ளே இருப்பதுதான் பெரிய விஷயம். ஈயத்தில் வார்த்த ஞானஸ்நானத் தொட்டி, 12-ஆம் நூற்றாண்டு. சுற்றிலும் இரண்டு வரிசைச் சிற்பம்: மேல் வரிசையில் மேஷம், ரிஷபம் என்று நம்ம பன்னிரண்டு ராசிகள், கீழ் வரிசையில் அந்தந்த மாதத்து வேலை. பிப்ரவரியில் ஒருவர் தீ காய்கிறார், கோடையில் அறுவடை. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற தொட்டியில் ராசிச் சக்கரமா என்று நம் ஊர் போதகர் யாராவது முகம் சுளிக்கலாம், அன்றைக்கு அவர்களுக்கு அது வெறும் நாள்காட்டி. அதே தேவாலயத்தில் தசமபாகம் அளந்த தராசும் எடைக்கற்களும் இருக்கின்றன. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குப் பொருளாகவே கொடுக்க வேண்டியிருந்தது, 1836 சட்டத்துக்குப் பிறகுதான் அது பணமாக மாறியது. எனக்கு அந்தத் தராசைவிடப் பெரிய சிற்பம் வேண்டாம். சுவரில் பேராயர் தாமஸ் பெக்கெட் கொலையுண்ட காட்சியும் மங்கலாகத் தெரியும். 1170-இல் கேன்டர்பரி பேராலயத்துக்குள்ளேயே அரசனின் வீரர்கள் அவரை வெட்டினார்கள். 1538-இல் எட்டாம் ஹென்றி அவர் படங்களையெல்லாம் அகற்றச் சொன்னபோது எப்படியோ இது தப்பித்திருக்கிறது.

ஃபேர்ஃபீல்ட் தேவாலயத்துக்கு ரோடே கிடையாது என்கிறார்களே, வயதானவர்கள் போக முடியுமா?
– ஒரு மூத்த வாசகர்

போகலாம், தூரம் அதிகமில்லை, மேய்ச்சல் நிலத்தில் நடக்க வேண்டும். ஆட்டுப் புழுக்கை நிறைய, ஷூ போடுங்கள். முன்பெல்லாம் மழைக்காலத்தில் சுற்றிலும் தண்ணீர் நின்று, ஜனங்கள் படகிலும் குதிரையிலும் ஆராதனைக்கு வந்திருக்கிறார்கள். வெளியே செங்கல்லாகத் தெரிந்தாலும் உள்ளே மரச்சட்டம்தான், 18-ஆம் நூற்றாண்டில் மேலே செங்கல் போர்த்தினார்கள். கதவு வைத்த பெட்டி மாதிரி உயர்ந்த இருக்கைகள், மூன்று தட்டுப் பிரசங்க பீடம். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் குளிர்காற்று காலைத் தொடாது, தூங்கினாலும் பக்கத்துக் குடும்பத்துக்குத் தெரியாது, பீடத்தின் உச்சியில் நிற்கிற போதகருக்கு மட்டும் தெரியும்.

ஐவிசர்ச்சில் இன்னொரு வேடிக்கை. காவல்காரர் கூண்டு போல மரத்தில் ஒன்று இருக்கும். மழையில் அடக்க ஆராதனை நடக்கும்போது அதைக் கல்லறை ஓரம் தூக்கி வைப்பார்கள், போதகர் அதற்குள் நின்று நனையாமல் ஜெபம் சொல்வார். செத்தவரின் பெண்டாட்டி பிள்ளைகள் வெளியே நனைவார்கள்.

செருப்பைக் கழற்ற வேண்டுமா? இந்துக்கள் உள்ளே போகலாமா? காசு கேட்பார்களா?
– ஒரு வாசகி

கழற்ற வேண்டாம். போகலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஆண்கள் தொப்பியை எடுத்துவிடுவது மரியாதை. நுழைவுக் கட்டணம் இல்லை, ஆனால் கதவருகே உண்டியல் இருக்கும். கூரை ஒழுகினால் சரிசெய்யும் செலவு பெரும்பாலும் அந்தச் சின்னச் சபையின் தலையில்தான் விழுகிறது, ஆகவே ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பவுண்டாவது போடுங்கள். கோடையிலும் உள்ளே ஜில்லென்று இருக்கும், ஒரு ஸ்வெட்டர் வேண்டும். முக்கியமாக, பல இடங்களில் கழிப்பறை கிடையாது. வண்டி எங்கே நிற்கும் என்று காலையிலேயே வழிகாட்டியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், வெட்கப்படாதீர்கள், வண்டியில் எல்லோருக்கும் அதே கவலைதான்.