விண்டோஸிலேயே எல்லாம் வந்துவிட்ட பிறகும் வெளி மென்பொருள்களைத் தேடிப்போய் நிறுவுவது ஏன்?

எல்லாம் வந்துவிட்டது என்று யார் சொன்னது? மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் டி.டி.பி. கடை, அதாவது கணினியில் பக்கம் வடிவமைத்து அச்சுக்குக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இவைதான் பிழைப்பு. இந்தத் தொழிலே வெளி மென்பொருள் போட்ட பிச்சை. 1985-இல் ஆல்டஸ் என்ற நிறுவனம் மெக்கின்டாஷ் கணினிக்குப் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைக் கொண்டுவந்த பிறகுதான் அச்சுக்கோக்கும் வேலை மேசைக்கு வந்தது. அதற்கு முன்பே, 1979-இல் வந்த விசிகால்க் என்ற கணக்குத்தாளுக்காகவே ஆப்பிள் II வாங்கியவர்கள் உண்டு.

தமிழுக்கு வருவோம். விண்டோஸ் 2000 தமிழ் யூனிகோடோடு (எந்தக் கணினியிலும் எழுத்து ஒரே மாதிரி தெரிவதற்கான பொதுக் குறிமுறை) கொடுத்தது இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுத்த அமைப்பு அது. தட்டச்சு நிலையத்தில் லோயர், ஹையர் முடித்துவிட்டு வந்த விரல்களுக்கு அது எப்படி வசப்படும்? ஈ-கலப்பை, அழகி, என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் எல்லாம் அந்தக் குறையைத் தீர்க்க வந்தவை. என்எச்எம் ரைட்டரில் ஆல்ட் விசையோடு ஓர் எண்ணைத் தட்டினால் தமிழ்99, பழைய தட்டச்சு, பாமினி என்று வேண்டிய விசையமைப்புக்கு மாறிக்கொள்ளலாம். காசும் கிடையாது. தமிழ்99 இப்போது விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பாமினியில் பழகியவர் என்ன செய்வார்?

பாமினி என்றதும் இன்னொன்று. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய எழுத்துரு அது. பழைய கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவருவார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். பத்துப் பக்க விழா மலர் முழுக்க இப்படி இருந்தால் திரும்ப அடிக்கவா முடியும்? மாற்றி மென்பொருளில் ஒட்டி, ஒரு பொத்தானை அழுத்தி, யூனிகோடாக எடுத்துக்கொள்வேன். இப்படி ஒரு தேவை இருப்பதே உலகம் முழுக்க விற்கிறவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அந்தச் சிக்கலில் மாட்டியவர்தான் அதற்கு மருந்தும் செய்வார்.

"அண்ணே, மூத்தவளுக்கு அடித்த அதே பத்திரிகை, பெயரை மட்டும் மாற்றிக் கொடுங்கள்" என்று பல வருடம் கழித்து வந்து நிற்பார்கள். அப்போது கைகொடுப்பது எவ்ரிதிங் என்ற தேடல் மென்பொருள். வன்வட்டில் விண்டோஸ் வைத்திருக்கும் கோப்புப் பட்டியலையே அது நேரடியாகப் படித்துக்கொள்கிறது. அதனால் மாப்பிள்ளை பெயரின் முதல் மூன்று எழுத்தை அடிப்பதற்குள் கோப்பு வந்து நிற்கும். அது செய்வது அந்த ஒரு வேலையைத்தான். எனக்கு வேண்டியதும் அதுதான்.

வெளியில் நன்றாக ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் பல வசதிகள் உள்ளே வருகின்றன. விண்டோஸின் நோட்பேடில் தாவல்கள் (டேப்) வந்தது 2023-இல். நோட்பேட்++ என்ற வெளி மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் அதை எப்போதோ அனுபவித்தாயிற்று. ஆர்ஏஆர் என்ற சுருக்கிய கோப்பை விண்டோஸே திறக்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். நாற்பது நாள் சோதனைக் காலம் என்று சொல்லிவிட்டு அந்தக் கோப்புகளைத் திறக்க ஆண்டுக்கணக்கில் உழைக்கும் வின்ரார் ஐயாவுக்கு இனியாவது ஓய்வு கிடைக்கட்டும்!

நிறுவும்போது மட்டும், செய்தவரின் சொந்தத் தளத்துக்கே போய் இறக்கிக்கொள்ளுங்கள். இலவச மென்பொருள் என்று தேடினால் முதலில் வரும் தளங்களில் பெரிய பச்சைப் பொத்தான் பெரும்பாலும் விளம்பரம். உண்மையான இணைப்பு அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும்.