வாசகர் கேள்வி – பதில்: வெளியுறவும் உள்ளூர்க் கணக்கும்

கேள்வி: வெளியுறவு முழுவதும் மத்திய அரசின் அதிகாரம் என்று படித்திருக்கிறோம். அப்படியிருக்க, ஒரு மாநில முதலமைச்சர் மறுத்ததால் வங்கதேசத்துடனான டீஸ்டா நதிநீர் ஒப்பந்தம் நின்றுபோனது எப்படி? (திருச்சி வாசகர் ஒருவர்)

பதில்: சட்டத்தை மட்டும் பார்த்தால் உங்கள் வியப்பு நியாயமானதே. வெளியுறவு மத்தியப் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டுடன் செய்துகொண்ட உடன்படிக்கையை நிறைவேற்றுவதற்காக, மாநிலப் பட்டியலில் உள்ள பொருளைப் பற்றியும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது அரசியலமைப்பின் 253ஆவது பிரிவு. அமெரிக்க அதிபர் ஓர் உடன்படிக்கைக்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவைத் தேடியாக வேண்டும். நம் நாட்டில் அமைச்சரவை முடிவெடுத்தாலே பெரும்பாலும் போதும்.

ஆனால் தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். டீஸ்டாவின் நீரைக் கால்வாய்களுக்குத் திருப்பிவிடும் கஜல்டோபா தடுப்பணை மேற்கு வங்க அரசின் கையில் இருக்கிறது. அந்த நீரை நம்பியிருப்பவர்கள் அந்த மாநிலத்தின் வடபகுதி விவசாயிகள். டெல்லி கையெழுத்திடலாம், மதகைத் திறக்க வேண்டியவர் மாநிலப் பொறியாளர். 2011 செப்டம்பரில் பிரதமர் மன்மோகன் சிங் டாக்கா சென்றபோது, அவருடன் செல்லவிருந்த அன்றைய மேற்கு வங்க முதலமைச்சர் மம்தா பானர்ஜி கடைசி நேரத்தில் பயணத்தைத் தவிர்த்தார். அன்று அவருடைய திரிணமூல் காங்கிரசுக்கு மக்களவையில் 19 உறுப்பினர்கள் இருந்தனர். அரசு அவர்களையும் நம்பியே நின்றது. டீஸ்டா ஒப்பந்தம் கைவிடப்பட்டதும், வங்கதேசமும் தன் பங்குக்கு இந்தியச் சரக்குகளுக்கு வழிவிடும் ஏற்பாட்டில் கையெழுத்திடாமல் நிறுத்திக்கொண்டது.

இதைக் கூட்டணி அரசின் பலவீனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 2014இல் பா.ஜ.க. 282 இடங்களுடன் தனிப் பெரும்பான்மை பெற்ற பிறகும் டீஸ்டா ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. அதேசமயம், 1974 முதல் வங்கதேசத்துடன் இழுபறியாக இருந்த நில எல்லை உடன்படிக்கை 2015இல் நூறாவது அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியே நிறைவேறியது. முன்பு எதிர்த்த மம்தா அதற்கு இணங்கியதோடு, அந்த ஜூன் மாதம் பிரதமர் மோடி டாக்கா சென்றபோது தானும் அங்கே சென்றார். அதே முதலமைச்சர், அதே அண்டை நாடு. ஆனால் நில எல்லையில் அவருடைய வாக்காளர்கள் இழந்தது சொற்பம், தண்ணீரில் இழக்கக்கூடியது அதிகம். வேறுபாட்டை நான் அங்கேதான் காண்கிறேன்.

கேள்வி: இலங்கை விஷயத்தில் தமிழ்நாட்டின் குரலுக்கு டெல்லியில் உண்மையிலேயே மதிப்பு உண்டா? (தஞ்சாவூர் வாசகி ஒருவர்)

பதில்: சில நேரங்களில் உண்டு; அது எந்த நேரம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1974இல் கச்சத்தீவு இலங்கையின் எல்லைக்குள் போனபோது, இந்திரா காந்திக்கு மக்களவையில் எவருடைய தயவும் தேவைப்படவில்லை. தமிழ்நாடு சட்டமன்றத்தில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேறியது, ஒப்பந்தம் அப்படியே நின்றது. (திரைமறைவில் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை.) 2009 மே மாத இறுதியில், போர் முடிந்த சில நாட்களிலேயே, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்தை 29 வாக்குகளுடன் நிறைவேற்றியது. அதில் ஒன்று இந்தியாவின் வாக்கு. தி.மு.க. அப்போதும் காங்கிரசின் கூட்டணியில்தான் இருந்தது. ஆனால் தேர்தல் முடிந்து, 206 இடங்களுடன் காங்கிரஸ் தெம்பாக இருந்த வேளை அது.

மூன்றே ஆண்டுகளில் நிலை மாறியது. 2012 மார்ச்சில், ஊழல் குற்றச்சாட்டுகளால் அரசு தளர்ந்திருந்த நேரத்தில், தமிழ்நாட்டின் கட்சிகள் அனைத்தும் ஒரே குரலில் பேசின. போர்க்காலக் குற்றச்சாட்டுகளுக்கு இலங்கை பதில்சொல்ல வேண்டும் என்று அதே பேரவையில் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானத்தை ஆதரித்து இந்தியா வாக்களித்தது. ஆயினும், ஐ.நா. அலுவலகம் வழங்கும் ஆலோசனையும் தொழில்நுட்ப உதவியும் இலங்கை அரசின் இசைவுடனேயே அமைய வேண்டும் என்ற திருத்தத்தை அதே தீர்மானத்தில் சேர்க்கச் செய்ததும் இந்தியாதான். வாக்கைச் சென்னையின் அழுத்தம் தீர்மானித்தது, வாசகத்தை வெளியுறவு அமைச்சகம் தீர்மானித்தது. 2013இல் மாணவர் போராட்டங்கள் தமிழ்நாடெங்கும் பரவியிருந்தபோது, தீர்மானத்தைக் கடுமையாக்கக் கோரிய தி.மு.க. மார்ச் 19 அன்று தன் 18 உறுப்பினர்களின் ஆதரவை விலக்கிக்கொண்டது. இரண்டு நாள் கழித்து இந்தியா தீர்மானத்தை ஆதரித்தது, ஆனால் தி.மு.க. கேட்ட வாசகம் அதில் இல்லை. அந்த நவம்பரில் கொழும்பில் நடந்த காமன்வெல்த் மாநாட்டுக்குப் பிரதமர் செல்லவில்லை, வெளியுறவு அமைச்சர் சென்றார்.

2014 மார்ச்சில், மக்களவைத் தேர்தல் வாசலில் நின்றபோது, இந்தியா ஜெனீவாவில் வாக்களிக்காமல் விலகிக்கொண்டது. தேர்தல் நேரத்தில்தானே பணிய வேண்டும் என்று கேட்கத் தோன்றும். ஆனால் தமிழ்நாட்டில் கூட்டணியே இல்லாமல் போட்டியிட்ட காங்கிரசுக்கு அங்கே காப்பாற்ற ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. ஒரு மாநிலம் டெல்லியின் ஒரு வாக்கைத் திருப்பலாம், ஒரு பயணத்தைத் தடுக்கலாம். பத்தாண்டுக்கான கொள்கையை எழுதித் தருவதற்கு வெறும் உறுப்பினர் எண்ணிக்கை போதாது என்றே இந்த வரலாறு எனக்குச் சொல்கிறது.

கேள்வி: கூட்டணிக் கட்சி மிரட்டினால் பிரதமர் பணிந்தே ஆக வேண்டுமா? (கோவை வாசகர் ஒருவர்)

பதில்: இல்லை. அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து 2008 ஜூலையில் இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்டபோது, மன்மோகன் சிங் ஒப்பந்தத்தைக் கைவிடாமல் வேறு துணையைத் தேடினார். சமாஜ்வாதி கட்சி கைகொடுக்க, ஜூலை 22 அன்று 275க்கு 256 என்ற கணக்கில் அரசு பிழைத்தது. மாற்றுக் கை கிடைக்குமானால் மிரட்டலின் விலை இறங்கிவிடும்.

கேள்வி: உள்நாட்டு எதிர்ப்பு எப்போதும் நம் பேச்சுவார்த்தையாளர்களின் கையைக் கட்டிப்போடும் தடைதானா? (சேலம் வாசகர் ஒருவர்)

பதில்: கட்டிய கையையே காட்டிப் பேரம் பேசுவதும் உண்டு. ‘நான் ஒப்புக்கொள்வேன், என் நாட்டில் விடமாட்டார்கள்’ என்று சொல்லக்கூடியவர் மேசையில் வலுவானவர் என்பதை அரசியல் அறிஞர் ராபர்ட் பட்னம் 1988இல் விரிவாக எழுதினார். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் நிறைவேறியிருந்த நிலையில், அரசின் தானியக் கொள்முதலுக்குப் பாதுகாப்பு இல்லாமல் சுங்க நடைமுறைகளை எளிதாக்கும் வர்த்தக எளிமையாக்க உடன்பாட்டுக்கு இசைய முடியாது என்று 2014 ஜூலையில் ஜெனீவாவில் உள்ள உலக வர்த்தக அமைப்பில் இந்தியா நின்றுவிட்டது. வளர்ந்த நாடுகள் கடிந்துகொண்டன. ஆனால் அதே ஆண்டு நவம்பரில், நிரந்தரத் தீர்வு காணும் வரை இந்தியாவின் கொள்முதலை எதிர்த்து வழக்குத் தொடுப்பதில்லை என்ற உறுதி கிடைத்தது. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு நிற்கும் விவசாயிக்கு இந்த ஜெனீவாச் செய்தி எட்டியிருக்காது. ஆனால் ஜெனீவாவில் இந்தியத் தூதர் வைத்த வாதம் அவரைக் காட்டித்தான்.