ரிமோட்டுக்குச் செம்பு டேப் ஒட்டலாமா?

கேள்வி: அல்கலைன் பேட்டரி கசிந்து, ரிமோட் போர்டில் ஒரு செம்புக் கோடு அரித்துப்போய்விட்டது. ஸ்டெயின்டு கிளாஸ் (வண்ணக் கண்ணாடி) வேலைக்கு வாங்கிய செம்பு டேப், சால்டர் (உருக்கிப் பற்றவைக்கும் உலோகம்), ஃப்ளக்ஸ் (சால்டர் பிடிக்கத் தடவும் பசை அல்லது திரவம்) மூன்றும் என்னிடம் இருக்கின்றன. இவற்றை வைத்தே சரிசெய்யலாமா?

பதில்: டேப்புக்கு மட்டும் ஓகே. அதையும் வெறுமனே ஒட்டினால் ரிமோட் பேசாது. அடியில் இருக்கும் பசை பெரும்பாலும் மின்சாரத்தைக் கடத்தாது. செம்பும் செம்பும் சால்டரால்தான் சேர வேண்டும்.

முதலில் கசிவு விட்டுப்போன வெள்ளைப் படிவை வினிகர் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்து உலர விடுங்கள். அறுந்த கோட்டின் இரண்டு முனையிலும் மேல்பூச்சைப் பிளேடால் சுரண்டினால் செம்பு பளிச்சென்று தெரியும். டேப்பைக் கோட்டின் அகலத்துக்கே நறுக்கி, அந்தச் செம்பின் மேல் கொஞ்சம் ஏறி உட்காரும்படி ஒட்டிப் பற்றவையுங்கள். சூட்டுக்கோலை ஓரிரு நொடிக்கு மேல் வைத்தால் பசை இளகி டேப் நழுவும். கோட்டின் இரு முனையிலும் வைத்த மல்டிமீட்டர், மின் இணைப்பு இருக்கிறது என்று 'பீப்' அடித்த பிறகு மேலே நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு. (எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்!) ஆனால் பாலிஷ் ரிமூவரைக் கிட்டே கொண்டுவராதீர்கள், அதிலுள்ள அசிட்டோன் ரிமோட்டின் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

அந்த ஃப்ளக்ஸை மூடி வையுங்கள். கண்ணாடி வேலைக்கான ஃப்ளக்ஸில் பெரும்பாலும் ஜிங்க் குளோரைடு இருக்கும். கண்ணாடியை முடித்ததும் கழுவிவிடுவார்கள். போர்டின் இடுக்கில் அது தங்கினால் ஈரத்தை இழுத்துச் செம்பை அரிக்கும். சால்டரும் வேண்டாம். பாதி வெள்ளீயம், பாதி ஈயம் கலந்த 50/50 ரகம் 183 டிகிரி செல்சியசில் இளகத் தொடங்கி, 210-ஐத் தாண்டித்தான் முழுதாக உருகும். நடுவில் கை அசைந்தால் ஜாயின்ட் போச்சு. எலெக்ட்ரானிக்ஸுக்கென்று விற்கும், ரோசின் என்ற மரப்பிசின் ஃப்ளக்ஸ் உள்ளேயே இருக்கும் சால்டர் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வால்யூம் பட்டனின் அடியில் மின்சாரத்தைக் கடத்தும் கறுப்புப் பொட்டு தேய்ந்துவிட்டது. பளபளக்கும் கிராஃப்ட் பேப்பரை ஒட்டினால்?

பதில்: மீட்டரின் இரண்டு முனைகளையும் அந்தப் பளபளப்பின்மேல் வையுங்கள். பீப் வராவிட்டால் மேலே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, கதைக்கு உதவாது. சாதாரண அலுமினியத் தாளின் பின்புறம் இரட்டைப் பக்க டேப்பை ஒட்டி, பொட்டின் அளவுக்கு வட்டமாக வெட்டி, ரப்பரை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஓரம் தூக்கிக்கொண்டு நின்றால் பட்டன் அழுத்தாமலே வால்யூம் ஏறும்!

கேள்வி: மணி கோக்கும் செம்புக் கம்பியை, அறுந்த இடத்தைத் தாண்டி இணைக்கும் ஜம்பராகப் போடலாமா?

பதில்: போடலாம். நிறம் மங்காமலிருக்க அதன்மேல் பெரும்பாலும் அரக்குப் பூச்சு இருக்கும். முனைகளை உப்புத்தாளால் தேய்த்த பிறகுதான் சால்டர் பிடிக்கும். பேட்டரியில் ஓடும் சாமான்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுவர் பிளக்கில் செருகுகிற எதிலும் இந்தக் கம்பி வேண்டாம்.