இசை கேள்வி-பதில்: சவுல் ராஜா பக்கம் நிக்கற ஓபரா

கேள்வி: இருபது வருஷமா சபை கொயர்ல ஆல்ட்டோ, அதாவது பொம்பளைங்கள்ல தாழ்ந்த குரல், பாடறேன். போன மாசம் சண்டே ஸ்கூல்ல பைபிள்ல வர்ற சவுல், தாவீது ராஜாக்கள் கதை சொல்லிட்டிருந்தப்ப ஒரு பையன் "இதை யாராவது ஓபராவா, பாட்டாவே நடத்தற நாடகமா பண்ணிருக்காங்களா ஆன்ட்டி"ன்னு கேட்டான், எனக்குப் பதில் தெரியல. அப்படி ஒண்ணு இருக்கா? இருந்தா ஏன் நம்ம காதுல விழவே இல்ல?
(ஒரு வாசகி, பெரம்பூர்)

பதில்: இருக்கும்மா. பேரே "சவுலும் தாவீதும்"தான். டென்மார்க்ல பொறந்த கார்ல் நீல்சன் எழுதினது, 1902 நவம்பர் 28 அன்னிக்கு கோப்பன்ஹேகன் ராயல் தியேட்டர்ல முதல் தடவை அரங்கேறுச்சு, அவரே கண்டக்ட் பண்ணார். அதே தியேட்டர் ஆர்கெஸ்ட்ராவுல 1889லருந்து செகண்ட் வயலின் வாசிச்சுக்கிட்டிருந்த மனுஷன் அவர், அதனால மேடையில பாடறவங்க எங்க மூச்சு விடுவாங்கங்கறது வரைக்கும் அவருக்கு அத்துப்படி.

காதுல விழாததுக்கு முக்கியமான காரணம் மொழிதான். டேனிஷ்ல பாடத் தெரிஞ்சவங்க அவங்க ஊருக்கு வெளிய ரொம்பக் கம்மி. அவங்க ஊர்லயே நீல்சனோட அடுத்த ஓபரா, 1906ல வந்த "மாஸ்கராட"ங்கற காமெடியைத்தான் தலைமேல தூக்கி வச்சு ஆடறாங்க, இது பின்னாடி போயிடுச்சு. அதோட கொயருக்கு இதுல அவ்வளவு வேலை, ஒரு பெரிய கொயர் மாசக்கணக்கா உட்கார்ந்து பழகினாத்தான் மேடை ஏறும்.

ஆனா கொயர்ல பாடற உங்களுக்கு இது பொக்கிஷம். ஜனங்க பாடற இடமெல்லாம் பொம்பளைங்க உச்சக் குரலான சோப்ரானோ ஒரு பக்கம் ஆரம்பிக்கும், ஆம்பளைங்க உச்சக் குரலான டெனர் வந்து பிடிச்சுக்கும், ஆம்பளைங்க அடிக்குரலான பேஸ் கீழருந்து அதையே திருப்பிச் சொல்லும், ஆல்ட்டோவும் சும்மா நடுவுல ரொப்பற குரலா நிக்காது.

கதையில நீல்சன் யார் பக்கம் நிக்கறார்னு கேளுங்க, அதுதான் என்னை இன்னும் விடல. நம்ம சண்டே ஸ்கூல்ல சவுல்னாலே கீழ்ப்படியாத ராஜா, பொறாமைக்காரர், அதோட முடிஞ்சுது. இங்க தாவீது, சவுலோட மகன் யோனத்தான் ரெண்டு பேரும் டெனர், சவுலுக்கோ கனமான ஆம்பளைக் குரல். முதல் ஆக்ட்ல கில்கால்ங்கற ஊர்ல ஏழு நாள் தீர்க்கதரிசி சாமுவேலுக்காகக் காத்திருந்து, எதிரி நெருங்கறான், ஜனங்க பயந்து போயிருக்காங்க, பொறுக்க முடியாம, சாமுவேல் செலுத்த வேண்டிய பலியைத் தானே செலுத்திடறார், அப்புறம் சாமுவேல் வந்து கடவுள் உன்னைத் தள்ளிட்டார்னு சொல்லும்போது அந்தக் குரல் உடையறதைக் கேட்டா இவர் மேல எப்படி கோபம் வரும்? நம்ம கூத்துல கர்ண மோட்சம் பாக்கறவங்க கர்ணன் எந்தப் பக்கம்னு பாத்தா அழறாங்க? அதே மாதிரிதான்.

ரெண்டாவது ஆக்ட்ல தாவீது சுரமண்டலத்தோட பாட, சவுல் மனசு கொஞ்சம் ஆறுது. அப்புறம் எதிரியோட ராட்சத வீரன் கோலியாத்தைத் தாவீது கொன்ன சேதி வருது, "சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்"னு ஜனங்க கொண்டாடறாங்க. அது சந்தோஷமான பாட்டு, நாமளும் தாளம் போட்டுடுவோம், அதையே ராஜா கேட்டுக்கிட்டு நிக்கறார்னு உறைக்கும்போதுதான் வயிறு கலங்குது. நான் அந்த இடத்தை மூணு தடவை ரீவைண்ட் பண்ணிக் கேட்டேன்.

இன்னொண்ணு சொல்லணும். டென்மார்க்னா நமக்கு யாரோ இல்ல. தரங்கம்பாடி 1620லருந்து 1845 வரைக்கும் அவங்க கையில இருந்துச்சு, 1706ல சீகன்பால்க்ங்கற மிஷனரியை அங்க அனுப்பினது அவங்க ராஜா. சீகன்பால்க் பழைய ஏற்பாட்டை ரூத் வரைக்கும் தமிழ்ப்படுத்திட்டு இறந்துட்டார், ரூத்துக்கு அடுத்த புத்தகம் எதுன்னு உங்களுக்கே தெரியும், 1 சாமுவேல். சவுல் கதையிலருந்து மிச்சத்தைத் தமிழ்ல முடிச்சவர் இன்னொரு மிஷனரி ஷுல்ட்சே, அவர் 1726ல நம்ம மெட்ராஸுக்கே வந்துட்டார்.

கேள்வி: இந்த நீல்சன் ஓபராவுக்கு எந்த ரெக்கார்டிங் கேக்கலாம் சார்? எங்க ஆரம்பிக்கறது?
(ஒரு வாசகர், புரசைவாக்கம்)

பதில்: 1972ல ஹோரன்ஸ்டைன் கண்டக்ட் பண்ணினது இங்கிலீஷ்ல பாடினது, போரிஸ் கிறிஸ்டாஃப் சவுல், வார்த்தை புரியணும்னா அது. டேனிஷ் ஓசையோடயே வேணும்னா நீமே யார்வி கண்டக்ட் பண்ணினது, அதுல ஆகே ஹவ்க்லண்ட் சவுல், என் ஓட்டு இதுக்குத்தான். கோப்பன்ஹேகன்ல 2015ல மேடையேத்தினது டிவிடியாவும் வந்திருக்கு. மொத்தமா ரெண்டு மணி நேரம்தான்.

மூணாவது ஆக்ட்ல ஆரம்பிங்க. ராத்திரி, பாளயமே தூங்குது, தாவீது சத்தமில்லாம வந்து சவுலோட ஈட்டியையும் தண்ணீர்ச்செம்பையும் எடுத்துக்கறார், கொல்லாம விட்டுடறார். 1 சாமுவேல் 26ஆம் அதிகாரத்தை மடியில திறந்து வச்சுக்கிட்டு, ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க.