இலக்கியக் கேள்வி–பதில்: நண்பனுக்கு ஒதுக்கிய இடம்

கேள்வி: கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நேரில் காணாமலே நண்பர்களாக இருந்தார்கள் என்றும், சோழன் வடக்கிருந்தபோது பிசிராந்தையார் தேடி வந்து தாமும் உயிர் துறந்தார் என்றும் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லித் தருகிறேன். முகமே தெரியாத ஒருவருக்காக உயிரை விடுவார்களா என்று அவர்கள் கேட்கும்போது எனக்கே பதில் தெரிவதில்லை. பிற்காலத்தார் புனைந்த கதையா இது? — பள்ளி ஆசிரியை ஒருவர்

பதில்: உங்கள் மாணவர்களுக்கு வந்த ஐயம் சோழனின் அருகில் இருந்த சான்றோருக்கே வந்திருக்கிறது. தன்மீது போர் தொடுத்து வந்த மக்கள் இருவரோடு பொருதப் புறப்பட்டவனைப் புல்லாற்றூர் எயிற்றியனார் தடுத்து நிறுத்த, அவன் அரசைத் துறந்து உண்ணா நோன்பிருந்து உயிர்விட வடக்கு நோக்கி அமர்கிறான். பாண்டிநாட்டுப் பிசிர் என்னும் ஊரிலிருந்து ஆந்தையார் வருவார், அவருக்கு ஓர் இடம் ஒழித்து வையுங்கள் என்று உடனிருப்பவர்களிடம் சொல்கிறான். கேள்விப்பட்டதைத் தவிரக் கண்டதில்லை, பல ஆண்டுகள் அப்படியே கழிந்துவிட்டன, இவ்வளவு பெரிய செயலை அப்படிப்பட்ட ஒருவர் செய்வது அரிது என்று அவர்கள் நினைக்கக்கூடும் அல்லவா? புறநானூற்றின் 216-ஆம் பாடலைச் சோழன் அந்த ஐயத்தை எடுத்துச் சொல்லித்தான் தொடங்குகிறான். அதன் பிறகே, ஐயம் கொள்ளாதீர்கள், அவர் தம் பெயரைச் சொல்லும்போதுகூட என் பெயரையே தம் பெயராகச் சொல்லும் அன்புடையவர் என்று விடை தருகிறான். நம்ப முடியாதது என்று தெரிந்தே பாடப்பட்ட செய்தி இது என்பதை மாணவர்களிடம் சொல்லலாம்.

இதற்கு முந்தைய பாடலில் அவன் சொல்லும் ஒரு வரியை நான் இன்னும் மேலாகக் கருதுகிறேன். ‘செல்வக் காலை நிற்பினும், அல்லற் காலை நில்லலன் மன்னே’ என்கிறான். தான் செல்வத்தோடு இருந்த நாளில் அவர் வராமல் நின்றிருக்கலாம், அல்லல் வந்த நாளில் நிற்கமாட்டார் என்பது பொருள். அரண்மனை வாயில் திறந்திருந்த காலமெல்லாம் வராத ஒருவரிடம் நமக்கு இயல்பாக எழுவது மனக்குறைதான். இவனோ அந்த வராமையையே அவருடைய தகுதிக்குச் சான்றாகக் கொள்கிறான். அரசன் ஒருவன், தன்னிடம் எதையும் வாங்கிக்கொள்ள வராதவரைத் தன் உயிரைப் பேணுபவர் என்று சொல்வதில் அவனுடைய தனிமையும் தெரிகிறது; பெற்ற மக்களே படை திரட்டி வந்த பின் பேசும் பேச்சு அல்லவா?

பிசிராந்தையாரின் பக்கத்தை 191-ஆம் பாடல் காட்டுகிறது. இத்தனை ஆண்டுகள் ஆகியும் உமக்கு ஏன் நரை இல்லை என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன விடை அது: மனைவியும் மக்களும் குணத்தால் நிறைந்தவர்கள், ஏவலர் என் கருத்தையே தம் கருத்தாகக் கொண்டவர்கள், வேந்தன் தீமை செய்யான், என் ஊரில் சான்றோர் பலர். மனநிறைவோடு வாழ்ந்தவரின் பாட்டு என்று இதைத் தனியே எடுத்துப் படிப்பது வழக்கம். சோழனைப் பற்றிய பாடல்களோடு சேர்த்துப் படித்தால் இதன் கனம் கூடுகிறது, ஏனெனில் வாழ்வில் சலித்தவரோ வீட்டில் குறை உள்ளவரோ அல்லர், ஒன்றும் குறையாதவர் அனைத்தையும் விட்டுவிட்டு உறையூர் அரசனின் பக்கத்தில் வந்து அமர்கிறார்.

புனைவா என்ற கேள்விக்கு வருகிறேன். சோழன், பிசிராந்தையார், பொத்தியார், கண்ணகனார், கருவூர்ப் பெருஞ்சதுக்கத்துப் பூதநாதனார் எனப் பலர் பெயரில் இப்பாடல்கள் நிற்கின்றன. ஒருவர் எழுதிய கதையாக அவை தோன்றவில்லை. ஆனால் யார், யாரிடம், எப்போது சொன்னது என்று நிகழ்ச்சிகளைக் கோத்துத் தருபவை பாடல்களின் அடியில் உள்ள குறிப்புகளே. அவை தொகுத்தவர்கள் காலத்தவை ஆகலாம். ஆகவே நிகழ்ச்சிகளின் வரிசையைச் சற்றுத் தளர்வாகவும், பாடல்களில் பேசும் மனங்களை உறுதியாகவும் பற்றிக்கொள்வது நல்லது.

பாடநூல்கள் பெரும்பாலும் மறந்துவிடும் மூன்றாமவர் ஒருவர் இங்கே இருக்கிறார். பொத்தியார் சோழனோடு நாள்தோறும் கூடிச் சிரித்துப் பழகியவர். பிசிராந்தையாரே அதைத் தம் பாட்டில் (212) பாடியிருக்கிறார். பொத்தியாரும் உடன் உயிர்விட வந்தபோது, உன் மனைவிக்குப் புதல்வன் பிறந்த பின் வா என்று சோழன் திருப்பி அனுப்பினான். அவர் உறையூருக்கு மீண்டு, சோழன் இல்லாத மன்றத்தைப் பார்க்கிறார். பல ஆண்டுகள் சோறிட்டு வளர்த்த களிற்றை இழந்த பாகன், வெறுமையாகக் கிடக்கும் கட்டுத்தறியைக் கண்டு அழுததுபோலக் கலங்கினேன் என்கிறார் (220). பிறகு சோழனின் நடுகல்லிடம் போய், என்னை இங்கே விட்டுப்போன ‘அன்பிலாள’ என்று அவனை நேரே அழைத்து, என் இடம் எது என்று கேட்கிறார் (222). காணாத நண்பருக்குக் கேளாமலே இடம் ஒதுக்கப்பட்டிருக்க, கூடவே இருந்த நண்பர் தமக்குரிய இடத்தைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. இந்தத் தொகுதியில் என்னை மிகவும் வருத்துவது பொத்தியாரின் குரல்தான், அதையும் வகுப்பில் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: சங்கப் புலவர்கள் மன்னர்களிடம் பரிசில் பெற்று வாழ்ந்தவர்கள். புரவலனுக்கும் அவனை அண்டி வாழ்ந்தவருக்கும் இடையே இருந்ததை நட்பு என்று சொல்வது மிகைப்படுத்தல் ஆகாதா? — கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: பல பாடல்களுக்கு உங்கள் கேள்வி பொருந்தும். யானையும் தேரும் பெற்றதற்கு நன்றியாகப் பாடியவற்றை நட்புப் பாடல்கள் என்று சொல்ல எனக்கும் மனம் வராது. ஆனால் கொடுப்பவன் இறந்து, கொடுக்க ஒன்றும் மிஞ்சாத பிறகு புலவர் என்ன செய்தார் என்று பார்க்க வாய்ப்புள்ள இடமும் உண்டு. கபிலரிடம் அதைப் பார்க்கலாம்.

மூவேந்தரும் பாரியின் பறம்புமலையை முற்றுகையிட்டிருந்தபோது கபிலர் அவர்களை நோக்கி, பறம்புநாட்டின் முந்நூறு ஊர்களையும் பரிசிலர் பெற்றுக்கொண்டார்கள், இனி மிச்சம் இருப்பவை ‘யாமும் பாரியும்’ ஒரு குன்றும் மட்டுமே, வேண்டுமானால் பாடி வந்து கேளுங்கள் என்று ஏளனமாகச் சொல்கிறார் (புறநானூறு 110). பரிசில் பெற்றவர்களின் வரிசையில் நிற்க வேண்டியவர் தம்மைப் பாரியின் பக்கத்தில் எஞ்சிய உடைமைகளோடு சேர்த்து எண்ணிக்கொள்கிறார்.

பாரி இறந்த பின் அவனுடைய பெண்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு, அவர்களை மணந்துகொள்ளக் கேட்டு, விச்சிக்கோன், இருங்கோவேள் என்னும் குறுநில மன்னர்களிடம் செல்கிறார். இவர்கள் யார் என்று கேட்பாயானால், பாரியின் மகளிர் என்று இருங்கோவேளிடம் சொல்லிவிட்டு, ‘யானே, தந்தை தோழன், இவர் என் மகளிர்’ என்று தம்மை அறிமுகம் செய்கிறார் (201). அந்தணன், புலவன் என்பவை அதற்குப் பின்னரே வருகின்றன. ஓர் அரசனின் முன்னால் மதிப்பைப் பெற்றுத்தரும் அடையாளங்கள் இரண்டையும் பின்னுக்குத் தள்ளி, தோற்று இறந்த ஒருவனின் தோழன் என்பதை முன்னே வைக்கிறார். உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான விடை எனக்குத் தெரியவில்லை. இருங்கோவேள் மறுத்துவிட்டான், கபிலர் அவனைக் கடிந்து பாடிய பாட்டு (202) அடுத்து நிற்கிறது.

கடைசியாகப் பாரியையே நோக்கி ஒரு மனத்தாங்கலைச் சொல்கிறார். என்னைப் பேணிய ஆண்டுகளில் நீ என்னை வெறுத்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் உன்னோடு நானும் வருவதைத் தடுத்து இங்கேயே இரு என்று சொல்லியிருப்பாயா என்பது 236-ஆம் பாடலின் கருத்து. பேணியதைச் சுட்டும் ‘புரந்த’ என்ற சொல் அங்கே இருக்கிறது, ஆனால் நன்றியாக வரவில்லை, வழக்காக வருகிறது. அண்டி வாழ்ந்தவர் புரவலனிடம் இப்படிக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

கேள்வி: பழகாவிட்டாலும் உணர்ச்சி ஒத்தால் நட்பு உண்டாகும் என்று ஓர் இடத்திலும், ஆராயாமல் நட்புக்கொள்வதைப் போன்ற கேடு இல்லை என்று இன்னோர் இடத்திலும் வள்ளுவர் சொல்கிறார். எதைக் கொள்வது? — ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

பதில்: முதலாவது 785-ஆம் குறள், இரண்டாவது 791. நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று ஐந்து அதிகாரங்கள் தொடர்ந்து வருகின்றன. ஐந்தும் பொருட்பாலில் உள்ளவை. ஆட்சிப் பொறுப்பில் உள்ளவனைச் சுற்றி ஆதாயம் தேடுவோர் கூடுவது இயல்பு என்பதால், அவனுக்குச் சொல்லும் எச்சரிக்கை மிகுதியாக இருப்பதில் வியப்பில்லை.

785-க்கு உரை எழுதும்போது பரிமேலழகர் எடுத்துக்காட்டாகக் காட்டுவது கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும்தான். ஒரே நாட்டில் இருத்தலும் பலமுறை பழகுதலும் இல்லாமல் உணர்ச்சி ஒப்புமையே நட்பாகும் என்பதற்கு அவர்கள் சான்று. ஆனால் அவர்கள் ஆராயாமல் நட்புக்கொண்டவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பல ஆண்டுகளாக ஒருவரைப் பற்றி மற்றவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள், அதுவும் ஆராய்ச்சிதான். பக்கத்து நாற்காலியில் முப்பது ஆண்டுகள் அமர்ந்திருந்தவரைப் பற்றி ஒன்றும் அறியாமல் ஓய்வுபெறுவோர் உண்டு என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். பழக்கம் வேறு, அறிதல் வேறு என்று கொண்டால் இரண்டு குறள்களும் மோதிக்கொள்வதில்லை. நட்பாராய்தல் அதிகாரத்திலேயே, நண்பர்களை நீட்டி அளக்கும் ஒரு கோல் என்று கேட்டினை வள்ளுவர் சொல்வதை (796), சோழனின் ‘அல்லற் காலை’யோடு வைத்துப் பாருங்கள்.

கேள்வி: நட்பு என்றாலே ஆண்களின் நட்பைத்தான் பழைய இலக்கியம் பாடுகிறதா? — இல்லத்தரசி ஒருவர்

பதில்: புறப்பாடல்களில் பெரும்பாலும் அப்படித்தான். அதியமானின் மறைவுக்கு ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல், அதாவது இறந்தவரை எண்ணி இரங்கும் பாடல் (புறநானூறு 235), பெண்ணுக்கும் ஆணுக்கும் இடையே இருந்த நட்பின் பெரிய சான்று. சிறிதளவே கள் கிடைத்தால் அதை எங்களுக்கே தந்துவிடுவான் என்ற எளிய நினைவிலிருந்து அது தொடங்குகிறது.

பெண்களுக்குள் நிகழும் நட்பைத் தேடினால் அகப்பாடல்களின் தோழியிடம் போக வேண்டும். அவள் செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். ஆகவே அவளுக்கும் தலைவிக்கும் இடையே நிலையில் வேறுபாடு உண்டு, அவளுக்கென்று தனி வாழ்க்கை எதையும் புலவர்கள் தரவில்லை என்பதும் ஒரு குறையே. இருந்தாலும் அவள் துணிவு பெரிது. இரவில் வந்து போகும் தலைவனிடம், சிறிய கொம்பில் பெரிய பலாப்பழம் தொங்குவதுபோல் இவள் உயிர் சிறியது, காமமோ பெரியது, இதை யார் அறிவார் என்று திருமணத்தை விரைவுபடுத்தச் சொல்பவள் அவளே (குறுந்தொகை 18). தலைவி தனக்காகக் கேட்கத் தயங்குவதை அவளுக்காகக் கேட்கிறாள். இந்தப் பாட்டைப் பாடியவரும் கபிலர்தான்.

கேள்வி: இப்பாடல்களை உரையோடு படிக்க விரும்புகிறேன். எங்கே தொடங்கலாம்? — வாசகர் ஒருவர்

பதில்: உ. வே. சாமிநாதையர் 1894-இல் பதிப்பித்த புறநானூற்றில் முதல் 266 பாடல்களுக்குப் பழைய உரை கிடைக்கிறது; நல்வாய்ப்பாக மேலே சொன்ன புறப்பாடல்கள் எல்லாம் அந்த எல்லைக்குள் அடங்குகின்றன. உரைநடை கடினமாகத் தோன்றினால் ஔவை துரைசாமிப் பிள்ளையின் விரிவுரையைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 67-ஐப் படியுங்கள்: வடக்கே பறந்து செல்லும் அன்னச் சேவலிடம், உறையூர் மாடத்தில் இறங்கி, பிசிராந்தையின் அடியுறை (அடியின்கீழ் வாழ்பவன்) என்று சொல், உன் பேடை அணிய அணிகலன் தருவான் என்கிறார் புலவர். பிறகு 191, அதன்பின் 212 முதல் 223 வரை இடைவிடாமல் ஒரே மாலையில் படித்துவிடலாம். கபிலர் பாடல்களை (105 முதல் 120 வரை, இவற்றுள் 112 மட்டும் பாரி மகளிர் பாடியது; பிறகு 200, 201, 202, 236) வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.